ஊரும் தோட்டமும்

‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், பூனாகலைப் பக்கத்துப் பிள்ளைகள் ‘எங்கள் தோட்டம்’ என்றே தலைப்பிடுவார்கள். மலை, கோயில், கொழுந்து மடுவம், பிள்ளைக்காம்பரா எல்லாம் அதில் வரும். ‘எங்கள் தோட்டத்தின் தலைவர் பெரிய துரை’ என்றொரு வசனமும் தவறாமல் வரும். அந்த வசனத்தில் இலக்கணப் பிழை இல்லை. பொருட்பிழை உண்டா என்பதே கேள்வி. தோட்டம் ஓர் ஊரா? ஊர் என்றால் அதற்கு நிர்வாகி ஒருவர் எப்படித் தலைவரானார்? பிள்ளைகளுக்கு இதை விளக்கியாக வேண்டும்.

நான் சொற்களிலிருந்து தொடங்குவேன். வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் எம்மவர் வாயில் ‘லயம்’ ஆயிற்று. அறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் ‘காம்பரா’ ஆயிற்று. இசையில் லயம் என்றால் ஒன்றுதல். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே மூன்று தலைமுறை ஒன்றித்தான் கிடந்தது! வீடு என்ற சொல் அங்கே குறைவாகவே புழங்கியதற்குக் காரணம் உண்டு. வேலைக்குப் பெயர் பதிந்தவருக்குக் கிடைத்த இடம் அது.

கொழும்பிலே தொடர்மாடிகள் இருக்கின்றனவே, அவற்றையும் தனியார் நிர்வாகந்தானே பார்க்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி, தொடர்மாடி வீட்டின் சொந்தக்காரர்களே முகாமைக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர்கள். காவலுக்கும் தண்ணீருக்கும் அவர்கள் பணம் கட்டுகிறார்கள்; குறை கண்டால் கணக்குக் கேட்கிறார்கள். அங்கே குடியிருப்பவர் நிர்வாகத்தை வைத்திருக்கிறார். தோட்டத்திலோ நிர்வாகம் குடியிருப்பவரை வைத்திருக்கிறது.

1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் போயிற்று. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியுடையது. நான்கு தலைமுறையாக அதில் வாழ்ந்தவனுக்கு எது உடைமை என்று எந்தப் பத்திரமும் சொல்லவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குப் போட்டவர்களுக்கே சபை பாதை போட முடியாத விந்தை அது! 2018 இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். எங்களுக்கு அருகிலேயே, கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண் சரியும் இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட பகுதி அது. ஆனால், கையகலக் காணியும் சொந்தமில்லாதவன் எழுந்து எங்கே போவான்? 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. உறுதிப் பத்திரம் என்பது பெட்டியிலே பூட்டிவைக்கும் காகிதம் மட்டுமன்று. ஆபத்து வருமுன்னே வேறிடம் தேடிக்கொள்ளும் வழியும் அதுதான்.

ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் 2015 இல் தொடங்கியது. சிலருக்கு வீடு கிடைத்திருக்கிறது. லயத்திலேயே இருப்பவர்கள் இன்னும் ஏராளம். ஆகவே பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இடம் யாருடையது? இதை நடத்துபவர் யார்? அவரை நாம் கேள்வி கேட்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை வரும்போதுதான் தோட்டம் ஊராகிறது.

கடிதம் எழுதும் பாடத்தில், தண்ணீர்க் குழாய் உடைந்ததென்று விண்ணப்பம் எழுதச் சொன்னால், எல்லாரும் ‘பெரிய துரை அவர்கட்கு’ என்றே தொடங்குவார்கள். அதை எழுதட்டும், வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அதன் பிரதியொன்றைப் ‘பிரதேச சபைத் தவிசாளர் அவர்கட்கு’ என்று எழுதப் பழக்குகிறேன். முதற் கடிதம் தயவைக் கேட்பது. இரண்டாவது உரிமையைக் கேட்பது. இரண்டுக்கும் நடை வேறு என்பதைத் தமிழ் ஆசிரியன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்?