நோகாத கண்



"பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, கண் மருத்துவரிடம் எதற்கு?" என்று நீரிழிவுள்ள அன்பர்கள் கேட்பதுண்டு. ஆபத்து அந்தக் கேள்வியிலேதான் இருக்கிறது.

கண்ணின் உட்புறத்தே, பின்பக்கம் அமைந்தது விழித்திரை. குருதியில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்திருந்தால் அத்திரையின் நுண்குழாய்கள் பழுதுற்றுக் கசியும், சில அடைபடும். பின்னர் வலுவற்ற புதுக்குழாய்கள் முளைக்கும். அவை உடைந்தால் கண்ணுள் குருதி பரவும். தொடக்கத்தில் வலியில்லை, பெரும்பாலும் மங்கலும் இல்லை. மங்கியபின் வந்து மூக்குக்கண்ணாடியை மாற்றித் தரக் கேட்பார்கள். கண்ணாடி என்ன செய்யும்?

லேசர் ஒளியும் கண்ணுள் இடும் ஊசிமருந்தும் எஞ்சிய பார்வையைக் காக்க வல்லவை. இழந்ததை முழுதும் மீட்பது அரிது. ஆகவே, குறை தோன்றாவிடினும் ஆண்டுக்கொரு முறை சோதனை வேண்டும். சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையும் அடக்குதல் வேண்டும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை தீங்கற்றது என்பாரும் நம் கொங்கு நாட்டில் உளர். குருதி அந்த வேறுபாட்டைப் பாராட்டுவதில்லை.

கோவையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1997 முதல் இயங்கி வருகிறது. சோதனைக்குமுன் கண்பாவையை விரிக்கச் சொட்டுமருந்து இடுவார்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்துத் தெளியாது. பொள்ளாச்சியிலிருந்தோ அவிநாசியிலிருந்தோ வருவோர் தாமே வண்டி ஓட்டாமல், துணைக்கு ஒருவரை அழைத்து வருக.