மானமும் மனநலமும்: சேர்வராயன் மலையிலிருந்து சில கோரிக்கைகள்

 

மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைவதற்காக நாம் நினைவுச் சொற்பொழிவு நடத்துவதில்லை. இருப்பவர்களுக்கு என்ன செய்வது என்று யோசிக்கவும்தான் கூடுகிறோம். இன்று ஏற்காட்டு மக்களின் மனநலம் பற்றிப் பேசுவோம்.

சுற்றுலா வருபவர்களுக்கு ஏற்காடு என்றால் ஏரி, படகு, கோடை விழா. நமக்கு அது காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிக்கும் தலித்துகளும் மலையாளிப் பழங்குடியினரும் வாழும் மலை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் பற்றியெல்லாம் பேசியது. மனத்தைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். குடும்பங்கள் அவர்களை அங்கே விட்டதற்குக் கல் நெஞ்சம் காரணமல்ல. ஊரில் கேட்க ஆளில்லை, பக்கத்தில் மருந்தில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதி பார்க்காமல் எல்லோருக்கும் சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்படுவோரில் 100க்கு 80 பேருக்கும் மேல் அது கிடைக்கவில்லை. மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். அப்புறம் உரிமை எங்கே கைக்கு வரும்?

ஜிம்பாப்வேயில் 2006 முதல், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்து, மனம் நொந்து வருபவர்களின் பேச்சைக் கேட்கிறார்கள். அப்படிப் பேசியவர்களின் மனச்சோர்வு குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் மலையிலும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி நமக்கே உரியது: அந்தப் பெஞ்சை எங்கே போடுவது? எந்தத் திண்ணையில் நம்மை உட்கார விடமாட்டார்களோ, அங்கே நம் மனம் திறக்காது. கங்காணி காதுக்கு எட்டுகிற இடத்திலும் திறக்காது.

ஆகவே நாம் கேட்பது இவை. காது கொடுத்துக் கேட்பவர்கள் காலனியிலிருந்தும் மலையாளி ஊர்களிலிருந்தும் வரும் பெண்களாக இருக்க வேண்டும். சேவை என்று சொல்லி ஏய்க்காமல் அவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். பழம் பறிக்கும் காலத்தில் சந்திப்பு மாலையில் நடக்க வேண்டும். மாத மருந்து மலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்க வேண்டும். பூசாரியிடம் போகிறவர்களைக் கேலி செய்யாமல், பூசாரியிடமும் பேச வேண்டும். 14416 என்ற அரசின் இலவச எண் எல்லோருக்கும் தெரிய வேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்துக்கு ஆள் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. சாதி சொல்லித் திட்டியதால் தூக்கம் போனவருக்கு மாத்திரை உதவலாம், தப்பில்லை. ஆனால் திட்டியவர் மீது வழக்கும் வேண்டும். பாக்கிக் கூலியால் வந்த கவலைக்குக் கூலியும் வேண்டும். நம் அவமானத்துக்கு நோய் என்று பெயர் வைத்து மூடிவிடும் திட்டத்தை நாம் ஏற்கமாட்டோம். நம் மானத்தையும் சேர்த்துக் காக்கும் திட்டம் வந்தால், அதைத் தோளில் தூக்கி மலையேற்ற நாம் தயார்.