35-ஆல் பெருக்கிப் பாருங்க: டேங்க் மாடலுக்கு எக்ஸ்ட்ரா பாகம் எப்போ வாங்கலாம்?

(எபிசோடின் ஒலிப்பதிவு, படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன எபிசோட்ல முதல் கிட் எப்படி வாங்கறது, எந்தப் பசை, எந்தக் கத்தி எல்லாம் பேசினோம். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "கிட்டுக்குன்னு தனியா மெட்டல் பாகம், ரெசின் பாகம்லாம் விக்கிறாங்களே, அதை வாங்கணுமா? வாங்கினா எதை?" இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

ஒண்ணை முதல்லயே ஒத்துக்கறேன். இந்த எக்ஸ்ட்ரா பாகங்களாலதான் என் டைகர் டேங்க் ரெண்டு வருஷம் பீரோ மேல பெட்டிக்குள்ளயே கிடந்தது. பாகம் எதுவும் கெட்டது இல்ல. எது எதுக்குன்னு யோசிக்காம வாங்கினது நான்.

நான் செய்ய நினைச்சது டைகர் 131. ஜெர்மன் டைகர் 1 டேங்க். 1943 ஏப்ரல்ல துனிசியாவுல பிரிட்டிஷ் படைகிட்ட சிக்கினது. இப்போ இங்கிலாந்துல, போவிங்டன் டேங்க் மியூசியத்துல இருக்கு. இன்னமும் ஓடுற நிலையில இருக்கிற டைகர் 1 அது. 2014-ல வந்த 'ஃபியூரி' படம் பார்த்திருந்தா, அதுல வர்ற டைகர் இதேதான்.

கிட் 1/35 அளவு. ராணுவ வண்டி மாடல்கள்ல ரொம்பப் பரவலான அளவு இது. இந்த 35 எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா சிரிப்பு வரும். 1960-களோட தொடக்கத்துல ஜப்பான்ல டாமியா கம்பெனி ஒரு பேந்தர் டேங்க் கிட் போட்டாங்க. உள்ள மோட்டார், பேட்டரி வச்சு ஓட்டுற மாதிரி. பேட்டரி உள்ள அடங்கணும்னு உடம்போட அளவை முடிவு பண்ணினாங்க. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தா கிட்டத்தட்ட 35-ல ஒண்ணு வந்தது. அதுவே நிலைச்சிடுச்சு.

சரி, என் கதைக்கு வருவோம். கிட் வந்த உற்சாகத்துல, அதுக்குன்னு என்னென்ன கிடைக்குதோ எல்லாத்தையும் ஆர்டர் போட்டேன். பித்தளைத் தகடு செட், பீரங்கிக் குழாய், மெட்டல் ட்ராக், டரட் உள்பக்கத்துக்கு ரெசின் செட், சிம்மரிட் செட். ஷிப்பிங், டியூட்டி எல்லாம் சேர்த்தா கிட் விலையைப் போல மூணு மடங்கு தாண்டிடுச்சு. பித்தளை செட்ல மட்டும் அறுநூத்துச் சொச்சம் துண்டு.

முதல் ராத்திரி, மண்வெட்டியைப் பிடிச்சு வைக்கிற க்ளாம்ப் ஒண்ணு செய்ய உக்காந்தேன். ஒரு க்ளாம்புக்கு நாலு துண்டு. மூணாவது துண்டு ட்வீசர்ல இருந்து தெறிச்சுப் போச்சு. டார்ச் அடிச்சு, தரையில தவழ்ந்து தேடினேன். கிடைக்கல. மூணு மணி நேரத்துல ஒரே ஒரு மண்வெட்டி. கையில ரெண்டு வெட்டு. எல்லாத்தையும் பெட்டிக்குள்ள போட்டு மூடினவன்தான்.

இதுல பெரிய கூத்து அந்த சிம்மரிட். சில ஜெர்மன் டேங்க் படங்கள்ல உடம்பு முழுக்கக் கரடுமுரடா வரிவரியா பூச்சு இருக்கும், பார்த்திருப்பீங்க. காந்தக் கண்ணிவெடி ஒட்டாம இருக்கப் பூசின பூச்சு அது. 1943-ஓட பிற்பகுதியில பூச ஆரம்பிச்சு, 1944 செப்டம்பர்ல நிறுத்திட்டாங்க. டைகர் 131 பிடிபட்டதோ 1943 ஏப்ரல்ல. பூச்சே வராத காலம்! நான் வாங்கின செட் அந்த வண்டியில இருக்கவே முடியாது. தேதி பார்க்காம வாங்கினதுக்குக் கிடைச்ச பாடம்.

ரெண்டு வருஷம் கழிச்சுப் பெட்டியை இறக்கினது எங்க அப்பா. அம்பத்தூர்ல ஒரு பட்டறையில முப்பது வருஷம் டர்னரா இருந்தவர். ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கார். ஒரு ஞாயித்துக்கிழமை பெட்டியைத் திறந்து பார்த்துக்கிட்டு இருந்தார். உள்ள போய் வெர்னியரை எடுத்துட்டு வந்து, கிட்டோட மட்கார்டை அளந்தார்.

"ஒரு மில்லி இருக்குடா. நிஜ வண்டியில இது எவ்ளோ கனம்?"

"35-ஆல பெருக்கணும்ப்பா. 35 மில்லி."

"சரி, நிஜ வண்டியோட முன் தகடு எவ்ளோ?"

"100 மில்லி."

"குண்டு தாங்குற தகடே 100 மில்லி. சேறு தெறிக்காம இருக்க மாட்டுற மட்கார்டு 35 மில்லியா? எவன்டா அப்படிப் பண்ணுவான்?"

அவ்ளோதான். ரெண்டு வருஷமா எனக்குப் புரியாம இருந்தது ஒரே கேள்வியில புரிஞ்சிடுச்சு. அன்னைக்கு மேஜையில உக்காந்து ஒவ்வொரு பாகமா அளந்தோம். 35-ஆல பெருக்கினோம். வர்ற எண் அபத்தமா இருக்கணும், முடிச்சு வச்சப்புறம் அந்தப் பாகம் கண்ணுக்கும் தெரியணும். ரெண்டும் இருந்தா மட்டும் மாத்தறது. இல்லன்னா கிட்ல இருக்கிறதே போதும்.

பிளாஸ்டிக் பாகம் ஏன் தடியா இருக்கு? உருகின பிளாஸ்டிக்கை அழுத்தி அச்சுக்குள்ள செலுத்தறாங்க. ரொம்ப மெல்லிசா இருந்தா அது மூலைவரைக்கும் ஓடிச் சேராது. அச்சுல இருந்து வெளிய எடுக்கவும் பாகத்துக்குக் கொஞ்சம் சரிவு, கொஞ்சம் கனம் வேணும். கம்பெனி சோம்பேறித்தனம் இல்ல, தொழில்நுட்பத்தோட எல்லை. அந்த எல்லையைத் தாண்ட வேண்டிய இடத்துலதான் வேற பொருள் தேவைப்படுது.

எங்க கணக்குல தேறினது நாலே நாலு.

ஒண்ணு, தகடா இருக்க வேண்டிய பாகங்கள். மட்கார்டு, பக்கவாட்டு ஃபெண்டர் மாதிரி. இதுக்குத்தான் போட்டோ எட்ச். காலேஜ்ல பி.சி.பி. போர்டு பண்ணி, ஃபெர்ரிக் குளோரைடுல முக்கி எடுத்திருப்பீங்களே, அதே முறைதான். பித்தளைத் தகட்டுல வேண்டாத இடத்தை அரிச்சு எடுக்கறது. தகடு 0.1, 0.2 மில்லிதான் இருக்கும். 35-ஆல பெருக்கினா 3.5-ல இருந்து 7 மில்லி. நம்பற மாதிரி இருக்கு. இன்னொரு லாபம், கொஞ்சம் வளைச்சு நெளிச்சு விட்டா அடிபட்ட தகடு மாதிரியே இருக்கும். பிளாஸ்டிக்ல அது வராது.

ரெண்டு, இன்ஜின் மேல இருக்கிற வலை. சில கிட்ல வலை மாதிரி மேடு பள்ளம் மட்டும் போட்டிருப்பாங்க, ஓட்டையே இருக்காது. பித்தளை வலை மாட்டினா உடனே வித்தியாசம் தெரியும். சின்னச் செலவு.

மூணு, பீரங்கிக் குழாய். பல பழைய கிட்ல இது ரெண்டு பாதியா வரும். ஒட்டினா நடுவுல கோடு. அதைத் தேய்க்கத் தேய்க்க உருண்டை போய் முட்டை வடிவம் ஆயிடும். வாய்ப்பக்கம் ஓட்டையும் சரியா இருக்காது. டைகர் குண்டு 88 மில்லி. 35-ஆல வகுத்தா 2.5 மில்லி வாய் இருக்கணும். தனியா விக்கிற குழாய் அலுமினியத்துல லேத்ல கடைஞ்சது. அப்பா அதைக் கையில உருட்டி உருட்டிப் பார்த்தார். வெர்னியர் வச்சு ரெண்டு முனையையும் அளந்தார். "டேப்பர் நல்லா விழுந்திருக்கு. இந்த சைஸ்ல எங்க பட்டறை லேத்ல நான் கடைஞ்சிருக்க மாட்டேன்"னு சொன்னார். அவர் வாயால அடுத்தவங்க வேலையைப் பாராட்டி நான் கேட்டது குறைவு. ஒரு எச்சரிக்கை: புது கிட் பலதுல குழாய் ஒரே துண்டா, வாயில ஓட்டையோடவே வருது. அப்படி வந்தா இதை வாங்க வேண்டாம்.

நாலு, ட்ராக். புல்டோசர் செயின்னு சொல்வோமே, அது. டைகர்ல ட்ராக்கோட மேல்பகுதியைத் தாங்கத் தனி உருளை கிடையாது. அது சக்கரங்கள் மேலயே தளர்ந்து படுத்திருக்கும். கிட்ல வர்ற ரப்பர் மாதிரி ட்ராக் விறைப்பா நிக்கும், வண்டிக்கு எடையே இல்லாத மாதிரி. ஹங்கேரியில இருக்கிற ஃப்ரியூல்மாடல் மாதிரி கம்பெனிகளோட மெட்டல் ட்ராக்ல ஒவ்வொரு கண்ணியா கம்பி சொருகிக் கோக்கணும். டைகருக்குப் பக்கத்துக்கு 96 கண்ணி, மொத்தம் 192. எனக்கு ஒரு வாரம் ஆச்சு. ஆனா கோத்து முடிச்சு சக்கரத்து மேல போட்டதும் தன் எடையிலயே தொய்ஞ்சு படுத்தது பாருங்க, அந்த ஒரு வாரம் வீண் இல்ல. காசு இல்லன்னா ரப்பர் ட்ராக்கையே சக்கரத்து மேல அழுத்தி ஃபெவிக்விக் போட்டு ஒட்டுங்க. முக்கால்வாசி பலன் கிடைச்சிடும்.

மிச்சம் எல்லாத்தையும் ஒதுக்கினோம். டரட் உள்பக்கம்? மூடியைத் திறந்து வைக்கப் போறது இல்ல, யார் பார்க்கப் போறா? க்ளாம்ப்? முன்னாடி தெரியற மூணுக்கு மட்டும் பித்தளை. அறுநூத்துல நான் பயன்படுத்தினது நாப்பதைத் தாண்டாது.

இப்போ பித்தளையில வேலை செய்யறவங்களுக்குச் சில விஷயம். ரப்பர் பாய் மேல வச்சு வெட்டாதீங்க, தகடு அமுங்கி வளையும். பழைய டைல்ஸ் துண்டு மேல வச்சு வெட்டுங்க. வெட்டும்போது மேல ஒரு செலோடேப் ஒட்டிக்கிட்டா துண்டு தெறிக்காது. நான் இழந்த அந்த மூணாவது துண்டு இதனாலயே பிழைச்சிருக்கும். வளைவான பாகம்னா வெட்டறதுக்கு முன்னாடி லைட்டர்ல காட்டி, நிறம் மாறினதும் ஆற விடுங்க. தகடு இளகி, சொன்னபடி வளையும். பிளாஸ்டிக் பசை மெட்டல்ல பிடிக்காது. ஃபெவிக்விக் வகைதான், குச்சி முனையில தொட்டு வைக்கிற அளவு. பெயின்ட்டுக்கு முன்னாடி பிரைமர் கட்டாயம். ரெசின் பாகம்னா சோப்புத் தண்ணியில கழுவிட்டு ஒட்டுங்க. ரெசினைத் தேய்க்கும்போது மாஸ்க் போடுங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இப்போ 3டி பிரின்ட் பாகங்களும் நிறைய வருது. நாலு துண்டு க்ளாம்ப் ஒரே துண்டா வந்துடும், பெரிய நிம்மதி. ஆனா சீக்கிரம் உடையும். தகடு மாதிரி மெல்லிசு வேணும்னா இன்னமும் பித்தளைதான்.

காசே செலவு பண்ண விருப்பம் இல்லையா? பழைய வயரைப் பிரிச்சா உள்ள மெல்லிசா செம்புக் கம்பி இருக்கும். அதை முறுக்கினா இழுவைக் கயிறு தயார். காலியான ஆயின்ட்மென்ட் அலுமினிய ட்யூபை வெட்டி விரிச்சா மட்கார்டு தகடு. டிஷ்யூ பேப்பரைத் தண்ணி கலந்த ஃபெவிகால்ல நனைச்சு மடிச்சு வச்சா தார்ப்பாய்.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி. நான் செய்யறது எந்த வண்டி, எந்த மாசம்? டைகர் 1-லயே முன்னாடி வந்ததுக்கும் பின்னாடி வந்ததுக்கும் மேல்மூடி வேற, சக்கரம் வேற. அந்த செட் என் கிட் நம்பருக்குன்னு செஞ்சதா? இல்லன்னா பாகம் உக்காராது. முடிஞ்சா அந்த ஒரு வண்டியோட போட்டோவை மேஜை மேல ஒட்டி வச்சுக்கிட்டு வேலை பாருங்க.

நான் 131-ஓட போட்டோவை ஒட்டி வச்சேன். அப்போதான் கவனிச்சேன், அதுல குண்டு பட்ட தழும்பு இருக்கு. பீரங்கிக்குக் கீழ, டரட்டும் உடம்பும் சேர்ற இடத்துக்கிட்ட. பிரிட்டிஷ் ஆறு பவுண்டர் பீரங்கியோட குண்டு பட்ட இடம். உள்ள இருந்தவங்க வண்டியை விட்டுட்டு ஓடிட்டாங்க. அந்த நிமிஷத்தோட அடையாளம் இன்னைக்கும் இரும்புல இருக்கு. நான் வாங்கின எந்த செட்லயும் அது இல்ல. குண்டோட விட்டம் 57 மில்லி, 35-ஆல வகுத்தா 1.6. சூடு பண்ணின ஊசி, ஒரு கத்தி முனை. பத்து நிமிஷம், பைசா செலவில்ல. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் விரல் வச்சுக் கேக்கறது அதைத்தான்.

டேங்க் இப்போ டிவிக்குப் பக்கத்துல நிக்குது. அப்பா அடுத்த கிட் பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே வெர்னியரோட உக்காந்துட்டார்.

அடுத்த எபிசோட்ல பெயின்ட்டும் துருவும். உங்க வீட்லயும் பீரோ மேல ஒரு பெட்டி இருந்தா இந்த வாரம் இறக்கிடுங்க. ஸ்கேல் எடுத்து அளங்க, 35-ஆல பெருக்குங்க. என்ன எண் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க.