தானே கற்ற சித்திரக்காரரும் வளர்ப்புப் பிராணிகளின் படங்களும்

(பூந்தமல்லியில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு வினாவையே இன்றைக்கு விஷயமாக எடுத்துக்கொண்டேன். படம் எழுதுவதில் பிரியமுள்ள பிள்ளையை என்ன செய்வது என்பதே அவ்வினா. பாடப் புத்தகத்தின் ஓரங்களிலெல்லாம் நாயும் பூனையும் எழுதி வைக்கும் சிறுவனைக் கண்டு தாய் தந்தையர் முதலில் மகிழ்கின்றனர். அவன் பத்தாம் வகுப்பை அடைந்ததும் அம்மகிழ்ச்சி கவலையாகின்றது. பின்னர் வர்ணப் பெட்டி பரணில் ஏறுகின்றது. "இதனால் சோறு கிடைக்குமா?" என்பது அவர்கள் கேள்வி. அது இழிவான கேள்வியன்று. மக்களைப் பெற்றவர் கேட்கவேண்டிய கேள்வியே. அதற்கு விடை தேடுமுகத்தான், பெரும்பாலும் ஆசிரியரின்றிக் கற்று, பிறர் அருமையாய் வளர்த்த பிராணிகளைப் படமெழுதியே ஜீவித்த ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்குமுன் ஒரு வார்த்தை. வளர்த்த பிராணிக்கு உருவம் அமைத்தல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த வழக்கமென்று எண்ணற்க. திருவண்ணாமலைப் பக்கத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரன் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவத்தையும் அதில் செதுக்கி, கோவிவன் என்னும் அதன் பெயரையும், அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் பொறித்திருக்கின்றனர். விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்திலோ சேவல் ஒன்றுக்கே கல் நாட்டியுள்ளனர். நாய்க்கும் சேவலுக்கும் கல்லில் உருவம் சமைத்த நாட்டிற் பிறந்த நாம், "நாய்க்கும் படமா?" என்று நகைத்தல் தகுமா?

நிற்க. நான் குறிப்பிட்டவர் இங்கிலாந்து தேசத்து ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்பவர். 1724-ஆம் வருஷத்தில் லிவர்பூல் நகரத்திற் பிறந்தார். தந்தையார் தோலைச் செப்பனிடும் தொழிலாளி. மகனும் பதினைந்து வயதளவும் அத்தொழிலையே செய்து வந்தார். பின்பு ஒரு சித்திரக்காரரிடம் பயிலச் சென்றார். அங்கே பிறர் எழுதிய படங்களைப் பார்த்து எழுதுவதே வேலை. எந்தப் படத்தை எழுதுவது என்பதில் விவாதம் நேர்ந்து, சில வாரங்களிலேயே வெளியேறினார். இனி இயற்கையையே ஆசிரியனாகக் கொள்வதென்று அன்று அவர் உறுதி செய்துகொண்டார்.

தானே கற்றவர் என்றால் ஒன்றும் கல்லாதவர் என்று சிலர் பொருள் கொள்ளுகின்றனர். அது பெரும் பிழை. ஸ்டப்ஸ் யார்க் நகரத்து வைத்தியசாலையை அடுத்திருந்து மனித உடலின் எலும்பு, தசை, நரம்புகளின் அமைப்பைக் கற்றார். 1751-இல் வெளிவந்த ஒரு பிரசவ வைத்திய நூலுக்குப் படங்களும் வரைந்தார். செப்புத் தகட்டில் படம் செதுக்கும் வித்தையைத் தம் முயற்சியாலேயே பழகினார். 1754-இல் ரோமாபுரிக்குச் சென்று புகழ்பெற்ற சிற்ப சித்திரங்களைக் கண்டார். கண்டும், இயற்கையே அவற்றினும் மேலானது என்னும் தம் கொள்கையிற் பிறழாது திரும்பினார்.

பின்னரே அவர் வாழ்வின் அரிய காரியம் நிகழ்ந்தது. 1756-ஆம் வருஷ முதல் ஏறத்தாழப் பதினெட்டு மாத காலம், ஹார்க்ஸ்டோ என்னும் குக்கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்கி, இறந்த குதிரைகளின் உடல்களை இருப்புக் கொக்கிகளில் நிற்கும் நிலையிலேயே தொங்கவிட்டு, தோல் முதல் எலும்பு ஈறாக ஒவ்வோர் அடுக்காய் நீக்கி, நீக்கியதை அளந்து வரைந்தார். ஓருடலை வைத்துப் பல வாரங்கள் வேலை செய்ததுண்டு. அந்நாற்றத்தையும் அருவருப்பையும் எண்ணிப் பாருங்கள். உடனிருந்து துணை செய்தவர் அவருடைய துணைவியாகிய மேரி ஸ்பென்சர் அம்மையார் ஒருவரே. அப்படங்களைச் செப்புத் தகட்டிற் செதுக்கிக் கொடுக்க வேறெவரும் முன்வராமையால் தாமே செதுக்கினார். 'குதிரையின் உடலமைப்பு' என்னும் அந்நூல் 1766-இல் வெளியாயிற்று. தொடங்கியதற்கும் வெளியானதற்கும் இடையே பத்து வருஷம்! நம் பிள்ளைகளுக்குப் பத்து மாதமேனும் பொறுமை வேண்டாமா?

அவ்வுழைப்பின் பயன் உடனே விளைந்தது. பந்தயக் குதிரைகளைப் பெற்ற பிள்ளைபோல் பேணிய பிரபுக்கள் அவரை நாடி வந்தனர். ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக 1762-ஐ ஒட்டி எழுதிய 'விஸில்ஜாக்கெட்' என்னும் குதிரையின் படம் 9 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. அதில் ஏறுபவனில்லை, மரமில்லை, வானமில்லை. வெறும் பின்புலத்தில் குதிரை ஒன்றே நிற்கின்றது. லண்டன் தேசிய சித்திரசாலையார் 1997-இல் ஒரு கோடியே பத்து லக்ஷம் பவுன் கொடுத்து அதை வாங்கினர். நாய்களையும் அவ்வாறே எழுதினார். அவர் படங்களிலுள்ள நாய், ஏதோ ஒரு நாயன்று. வளர்த்தவர் பெயர் சொல்லி அழைக்கும் அந்த ஒரு நாய்.

நம் ஊர்க்காரர்கள் அறியவேண்டிய செய்தி மற்றொன்றுண்டு. சென்னையில் கவர்னராயிருந்த ஜார்ஜ் பிகட் என்பவர் இந்நாட்டு வேட்டைச் சிவிங்கி ஒன்றை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். 1764-இல் விண்ட்ஸர் பூங்காவில் அதைக் கலைமான்மீது ஏவ, மானோ அஞ்சாது எதிர்த்து நின்று அதனைத் துரத்திவிட்டது. அச்சிவிங்கியையும், வெள்ளுடை தரித்த இந்தியப் பணியாளர் இருவரையும், மானையும் ஸ்டப்ஸ் எழுதிய படம் இன்று மான்செஸ்டர் நகரச் சித்திரசாலையில் இருக்கின்றது. இந்தியக் காடுகளில் சிவிங்கி அற்றுப்போயிற்றென்று 1952-இல் அறிவித்தனர். 2022-இலே நமீபியாவிலிருந்து மீண்டும் கொணர்ந்தனர். பிராணி மறைந்தபின்பும் படம் சாட்சி சொல்லுகின்றது.

இத்துணைத் திறமையிருந்தும் கற்றோர் அவையில் அவரைக் "குதிரைப் படக்காரர்" என்று ஒதுக்கியோர் பலர். 1781-இல் ராயல் அகாடெமி அவரை முழு அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. விதிப்படி ஒரு படத்தை ஒப்படைக்க அவர் இணங்காமையால் அப்பதவி உறுதியாகவில்லை. அதற்காகத் தூரிகையைக் கீழே வைத்தாரல்லர். மனிதன், புலி, கோழி மூன்றின் உடலமைப்பையும் ஒப்பிட்டு ஆராயும் பெருவேலையை முதுமையில் தொடங்கி, அதனை முடிக்குமுன்னரே 1806-இல் தமது 81-ஆம் வயதில் காலமானார்.

நம் பக்கத்திலும் உதாரணம் இல்லாமலில்லை. கிளிமானூர் ரவிவர்மா 1848-இல் பிறந்தவர். சிறு பிராயத்தில் சுவர்களிற் கரியால் படமெழுதியவர். சிறிய பாட்டனார் அல்லது மாமன் முறையினர் கண்டித்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திராது. தாய்மாமனாரோ தாமே கற்பித்து அரண்மனைக்கும் அழைத்துச் சென்றார். எண்ணெய் வர்ண முறையைப் பிறர் எழுதும்போது பார்த்தும், தாமே பழகியும் அறிந்து, 1873-இல் சென்னைச் சித்திரக் கண்காட்சியிற் கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றார்.

இனி நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. கையலைபேசியில் எடுத்த நிழற்படத்தைப் பார்த்துப் படமெழுதுவது இன்று வழக்கம். நின்றபடியே மேலிருந்து எடுத்தால் நாயின் தலை பெருத்துக் கால் குறுகித் தோன்றும். ஆகையால் மண்டியிட்டு, அதன் கண்ணுக்கு நேராக, பகல் வெளிச்சத்தில் எடுத்தல் வேண்டும். மின்வெட்டொளியில் எடுத்தால் கண் நெருப்புப் போல் ஒளிரும். அப்பார்வையை வீட்டார் அறியார். பூனையின் கருமணி வெயிலில் நெடுங்கோடாயும் இருளில் வட்டமாயும் இருக்கும். ஆட்டின் கருமணி கிடையாகக் கிடக்கும். நாய்க்கு எப்போதும் வட்டமே. வெள்ளை ராஜபாளையம் நாயை எழுதப் புகுவோர் வெள்ளை வர்ணத்தையே அப்பிவிடுகின்றனர். அவ்வெண்மையின் நிழற்பக்கத்தில் நீலமும் சாம்பலும், மண் தரையின் செம்மையும் கலந்திருப்பதைக் கண்டு எழுதினாலன்றி உடல் திரண்டு தோன்றாது. மூக்கின் இளஞ்சிவப்பை மறந்தால் அது ராஜபாளையமே ஆகாது. சிப்பிப்பாறை நாய்க்கோ ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறுமே முகவரி. இவற்றை அறிய எலும்பின் அமைப்பு தெரிய வேண்டும். நம்மூர் நெடுஞ்சாலை வழியே பஸ் ஏறினால், 1851-இல் ஸ்தாபிதமான எழும்பூர் அரசாங்கக் காட்சிச்சாலையில் பிராணிகளின் எலும்புக் கூடுகளைக் காணலாம். ஸ்டப்ஸ் பட்ட அருவருப்பு நமக்கில்லை. ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

சோற்றுக் கேள்விக்கு வருகிறேன். கையால் எழுதிய சினிமா விளம்பரப் பலகைகளைச் சென்னைத் தெருக்களில் கண்டோம். யந்திரத்தால் அச்சிட்ட விளம்பரத் துணிகள் வந்து அத்தொழிலை விழுங்கின. ஆகவே, படமெழுதினால் செல்வம் குவியுமென்று நான் சொல்லேன். வேறொரு தொழிலையும் கையில் வைத்துக்கொண்டு பழகுவதே விவேகம். ஆனால், பதினான்கு வருஷம் வாசலிற் காவலிருந்த நாய் மறைந்தபின், அதன் முகத்தை அறிந்தெழுதுவோனைத் தேடும் வீடுகள் உண்டு. அவ்வீடுகள் கேட்பது எழுதுவோனுடைய கவனத்தை. அதற்கு விலையுண்டு.

ஆதலின் சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, வர்ணப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். பாடத்தோடு அதுவும் நடக்கட்டும். இரண்டாவது, நம் கல்வி நிதியில் ஒரு சிறு பகுதியைக் காகிதம், தூரிகை, வர்ணம் வாங்க ஒதுக்கலாகாதா? மூன்றாவது, நம் பிள்ளையிடம் படம் எழுதச் சொன்னால், நம்மவன்தானே என்று இலவசமாய்க் கேளாமல் கூலி கொடுத்துப் பெறுங்கள். தாமே கற்ற ஸ்டப்ஸுக்கும் உடனிருந்து உழைத்த ஒரு துணையும், விலை கொடுத்து வாங்கிய மனிதரும் வேண்டியிருந்தனர். கற்பது பிள்ளையின் கடமை. அவ்விரண்டும் நம் கடமை.