திருவொற்றியூர்த் துறவியர் மடம்



தக்கோலப் போர் கி.பி. 949இல் நிகழ்ந்தது என்று வகுப்பிலே பலமுறை கற்பித்தவன் நான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோடு பொருது, சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேலேயே உயிர் துறந்தான். அத்துடன் பாடத்தை முடித்துவிடுவேன். அவன் படைத்தலைவன் வல்லபன் என்ன ஆனான் என்பதைத் திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டே எனக்குக் கற்பித்தது.

கேரள நாட்டவனாகிய வல்லபன், தலைவனுடன் களத்தில் மாள இயலாமற் போனதற்கு நாணி உலகைத் துறந்தான். திருவொற்றியூரில் நிரஞ்சன குருவை அடுத்து, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் மடத்தின் தலைவரானார். 959ஆம் ஆண்டையொட்டி வழிபாட்டுக்கென 100 நிஷ்கம் பொன் வழங்கினார். அக்கல்வெட்டிலே காணப்படுவது கிருட்டிணனின் ஆட்சியாண்டு! அந்நாளில் தொண்டை நாடு பகைவன் கையில் இருந்தது.

பின்னர், முதலாம் இராசேந்திரன் காலத்தில், அதே பெயர் தாங்கிய மடத்தலைவர் ஒருவரின் ஏவலால், வீரசோழத் தச்சன் ஆதிபுரீசுவரர் விமானத்தைக் கருங்கல்லால் மூன்று தளங்களாக எடுத்தான். பின்புறம் அரைவட்டமாய் வளையும் அவ்வடிவைத் தூங்கானை மாடம் என்பர்.

ஆலைகள் பெருகிய அவ்வூரில் அக்கோயில் இன்றும் நிற்கிறது. அங்குச் செல்லும்போது விமானத்தைப் பின்புறமாகவும் சுற்றிப் பாருங்கள். தம் நாணத்தை மறைக்காது கல்லிற் பொறித்து, எஞ்சிய வாழ்நாளைத் தொண்டுக்கு ஈந்த ஒருவரையும் நினையுங்கள்.