பெறுபேறு திறக்கும் கதவு
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பாடசாலையில் பெற்ற பெறுபேறுகளும் பரிசுகளும் பிற்காலத்தில் வேலை எடுக்க உதவுமா? நாற்பதைத் தாண்டிவிட்ட நாம் இதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லலாம்.

முதலாவது கதவைத் திறக்க அவை வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளுக்குப் பொய் சொன்னவர்களாவோம். அரச எழுதுவினைஞர் பதவிக்கே சாதாரண தரத்தில் மொழியிலும் கணிதத்திலும் திறமைச் சித்தி கேட்கிறார்கள். மருத்துவ பீடத்துக்கோ உயர்தரத்தின் 3 பாடங்களும் இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியுந்தான் தீர்ப்பு. தசமத்துக்குப் பின்னால் நிற்கும் ஓர் இலக்கம் ஒருத்தியை உள்ளே விடும். பக்கத்து மேசையில் இருந்து எழுதியவளை வெளியே நிறுத்தும்.

கதவைத் தாண்டியபின் அந்தப் புள்ளியை எவரும் திரும்பக் கேட்பதில்லை. உள்ளகப் பயிற்சிக்கு வைத்தியசாலையைத் தெரிவு செய்யும்போது பார்ப்பது பல்கலைக்கழகப் பரீட்சைத் தரவரிசையை. இங்கிலாந்துக்குப் போகும் எமது வைத்தியர்களில் பலர் பிளாப் பரீட்சை எழுதித்தான் தொடங்குகிறார்கள்.

வேலையில் நாளாந்தம் எமக்குக் கைகொடுப்பவை சான்றிதழ் இல்லாத பாடங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இருட்டும்வரை நின்று இல்லம் சோடித்தோமே, பிடிக்காதவளோடும் சேர்ந்து வேலை செய்ய அங்கேதான் பழகினோம். காலைக்கூட்டத்தில் கால் நடுங்கப் பேசிய பழக்கந்தான், நள்ளிரவில் ஒரு தாயிடம் கெட்ட செய்தியை நிதானமாகச் சொல்ல உதவுகிறது.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். எமது வகுப்பில் பலர் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. எல்லோரும் வெளிநாட்டில் இல்லை. அழைப்பு எடுத்தபோது, “நான் ஒன்றும் ஆகேல்லை, என்னத்துக்கு வாறது?” என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்ட ஒருத்தி தையல் நிலையம் நடத்தி 6 பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறாள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் வந்த ஒரு பெறுபேறு அவளை இன்னும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அதில் எமக்கும் பங்குண்டு. மருத்துவம், பொறியியல் கிடைத்தவர்களுக்கு மட்டுந்தானே இவ்வளவு காலமும் மாலை போட்டோம்!

ஆகவே எமது வகுப்பின் சார்பில் ஒரு கோரிக்கை. உயர்தரப் பெறுபேறு வந்த மறு கிழமையே, வெட்டுப்புள்ளியைத் தொடாத பிள்ளைகளைச் சங்கம் அழைக்கவேண்டும். தாதியர் பயிற்சி, கணக்கியல், சட்டம் என்று வழிகளைக் காட்டவேண்டும். தேசிய தொழிற்தகைமையின் 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? கனடாவிலோ கொழும்பிலோ இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்து, சுயவிபரக்கோவை எழுதவும் நேர்முகப் பரீட்சைக்குப் பயிலவும் மாதத்தில் ஒரு மணித்தியாலம் கொடுத்தால் போதும். பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். எமது வகுப்பினர் முதலில் எழுதிவிட்டோம்.