கடன் வாங்காத கழித்தல்

(ஒரத்தநாட்டில் பெற்றோர்களும் மாலைப் படிப்பக ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். ரெண்டு புகார் வந்திருக்கு. தாய்மார்கள் சொல்வது: "பள்ளிக்கூடத்துல வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைக்கிறதே இல்ல. குச்சி, புளியங்கொட்டைன்னு வெளையாட விட்டுடுறாங்க." படிப்பகத் தம்பிகள் சொல்வது: "டீச்சர் முறை வேற, எங்க முறை வேற. புள்ளைங்க கொழம்புதுங்க." ரெண்டையும் ஒதுக்கிவிட முடியாது.

இந்த மாற்றம் திடீரென்று வந்ததல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல் 2007-08இல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. வாத்தியார் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். 2022இல் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் வந்தது. அடுத்த ஆண்டு நாலு, ஐந்துக்கும் நீட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆசிரியருக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். பெத்தவங்களை உட்கார வைத்து யாரும் ஒரு வார்த்தை விளக்கவில்லை. படிக்காத சனத்துக்கு என்ன தெரியும் என்கிற நினைப்புதான்.

அந்தப் பழைய முறை யாருடையது? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று. நம்ம பக்கம் ஒரு வேலி நிலத்துக்கு 20 மா என்பதும் அதே கணக்குதான். நிலத்தையும் நெல்லையும் அளந்து எழுதுகிறவனுக்கான படிப்பு அது. அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளைகளுக்கு இடமில்லை. கர்ணம் பதவி 1980இல்தான் ஒழிக்கப்பட்டது; ஊர்க்கணக்கு நெடுங்காலம் பரம்பரைச் சொத்தாகத்தான் இருந்தது. எழுதுகிறவன் ஒருத்தன், கைநாட்டு வைக்கிறவன் இன்னொருத்தன்.

வாங்குறதுக்குப் பெரிய மரக்கால், குடுக்கிறதுக்குச் சின்ன மரக்கால் என்று நம்ம பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கிறோம். ‘ஏன் இந்த அளவு?’ என்று கேட்டால் அது திமிர். 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்களே, அந்தப் பகைக்குப் பின்னால் இருந்ததும் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும்தான். நமக்குக் கணக்கு வெறும் பாடம் இல்லை.

இப்போ புது முறைக்கு வருவோம். 52இல் 27 போகணும். நாம் என்ன சொல்லிக்கொடுத்தோம்? ‘ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்டுல ஒண்ணு கடன் வாங்கு.’ வாங்கின கடனை எப்போ திருப்பிக் கொடுத்தோம், ஒண்ணு வாங்கினால் எப்படிப் பத்தாகிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை; கேட்டால் அடி விழும். புது முறையில் பத்துப் பத்துக் குச்சியாக அஞ்சு கட்டு, உதிரி ரெண்டு. ஒரு கட்டைப் பிரி. இப்போ நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. பன்னிரண்டில் ஏழு போக அஞ்சு, நாலு கட்டில் ரெண்டு போக ரெண்டு கட்டு. விடை 25. யாரிடமும் கடன் வாங்கவில்லை, தன்னிடம் இருந்த கட்டைத்தான் பிரித்தது பிள்ளை. நாத்துக்கட்டைப் பிரிச்சு முடியாக்கி வயலில் வீசுகிற தாய்மார்களுக்கு இது புரியாதா?

வகுத்தலையும் பாருங்கள். உதாரணத்துக்குச் சொல்கிறேன். 12 பேர் சேர்ந்து ஒரு நடவு முடிச்சு மொத்தமா 4,500 ரூபாய் வாங்குறீங்க. வரப்பிலேயே பங்கு பிரிக்கிறீங்க. முதல்ல ஆளுக்கு 300. 3,600 போச்சு, மீதி 900. அப்புறம் ஆளுக்கு 50, மீதி 300. அப்புறம் ஆளுக்கு 25. ஆக 375. பென்சில் இல்லை, பேப்பர் இல்லை. பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுக்கிற இதே வழியைத்தான் இன்றைக்குப் புது முறை என்கிறார்கள். உங்க கையில் இருப்பதைத்தான் பள்ளிக்கூடம் இப்போ கற்றுக்கொண்டிருக்கிறது. ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பங்கு பிரிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

படிப்பகத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் மூன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, பள்ளியில் குச்சி, நம்மிடம் பிரம்பு என்று இருக்கக்கூடாது. பிள்ளையின் நோட்டைப் பார்த்து, டீச்சர் எந்த வழியில் போகிறார் என்று தெரிந்துகொண்டு, அந்த வழியிலேயே முதலில் போங்கள். ரெண்டு, வாய்ப்பாட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஏழு எட்டு 56 என்பதை ஏழு ஏழாக எட்டு வரிசை புளியங்கொட்டை அடுக்கிப் பார்த்த பிறகு மனப்பாடம் பண்ணட்டும். அப்போதுதான் மறந்தாலும் திரும்பக் கண்டுபிடிக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காடு என்கிறபோது அது எதில் எவ்வளவு என்று அந்தப் பிள்ளைதான் கேட்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். எண்ணும் எழுத்தும் முறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். பெயர் அழகுதான். மூன்றாம் வகுப்பிலும் அரும்பிலேயே இருப்பது எந்தத் தெருப் பிள்ளை? பழைய கடைசிப் பெஞ்சு பூப்பெயரில் வந்துவிடக்கூடாது. பின்தங்கின பிள்ளையை ஏற்றிவிடத்தான் குழு, ஓரங்கட்டுவதற்கல்ல.

இதைக் கேட்க நமக்கு இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். குழுவில் பாதி பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். அடுத்த கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். மூணு கேள்வியோடு போங்கள். எம்புள்ள எந்த நிலையில இருக்கு? எத்தனை மாசமா இருக்கு? மேல ஏத்த என்ன செய்றீங்க? பதிலை எழுதி வாங்குங்கள். தேதி போட்டு வாங்குங்கள்.